வீட்டிலேயே ஒரு றாத்தல் ரொட்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



மேடையில் பேசுறது எனக்குப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் குழுவோட தீர்மான நோட்டும் பாஸ்புக்கும்தான். போன மாசக் கூட்டத்தில் ரொட்டி சுடுற ஓவன் வாங்கக் கடன் கேட்கலாமான்னு பேச்சு வந்தது. நான் வீட்டில் ரொட்டி போடுறது தெரிஞ்ச தலைவி அக்கா, "நீ செய்றதை எல்லாருக்கும் சொல்லு, அப்புறம் முடிவு பண்ணுவோம்"னு சொன்னாங்க. அதனால ரெண்டு விஷயம் சொல்லப் போறேன். ஓவன் இல்லாம வீட்டில் ஒரு ரொட்டி எப்படிச் சுடுறது என்பது ஒண்ணு. ஓவனுக்குக் கடன் எப்ப வாங்கணும், எப்ப வாங்கக் கூடாது என்பது இன்னொண்ணு.

நம்ம ஊரில் ரொட்டின்னா என்ன? காய்ச்சல் வந்தா வாங்குறது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவங்களைப் பார்க்கப் போனா பையில் ஒரு பிரட் பாக்கெட், நாலு சாத்துக்குடி. பாலில் நனைச்சு நோயாளிக்குக் கொடுத்துட்டு, மிச்சத்தைப் பிள்ளைங்க தின்னும். நல்லா இருக்கிறப்ப நாம அதைச் சாப்பாடாவே நினைக்கிறதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை. மன்னார், தலைமன்னார், யாழ்ப்பாணம் எல்லாம் அது தினசரிச் சாப்பாடு. அவங்க அதைப் பாண்னு சொல்றாங்க. போர்த்துக்கீசியர் வச்ச பேர் அது. பம்பாயில் பாவ் பாஜின்னு சொல்றாங்களே, அந்தப் பாவும் இந்தப் பாணும் ஒரே சொல்லிலிருந்து வந்ததுதான். ரொட்டி சுடுற பெரிய செங்கல் அடுப்புக்குப் போறணைன்னு பேர், அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான். கடையில் ஒரு பாண் கேட்கிறதில்லை, "ஒரு றாத்தல் பாண்"னு கேட்பாங்க. றாத்தல்னா நம்ம கணக்கில் ஏறக்குறைய 450 கிராம்.

அந்த ஊருக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லைன்னு உங்களுக்குத் தெரியும். 1914ஆம் வருஷம் பாம்பன் பாலம் திறந்த பிறகு, மெட்ராஸில் ஏறினவங்க ரயிலில் தனுஷ்கோடி வரைக்கும் வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போயிருக்காங்க. போட் மெயில்னு பேர் அந்த வண்டிக்கு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிஞ்சதோட தனுஷ்கோடி வழியா நடந்த அந்தப் போக்குவரத்து நின்னுபோச்சு. அதுக்கப்புறம் 1983லிருந்து அங்கேயிருந்து உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு வந்த சனங்க மண்டபம் முகாமில் இருக்காங்க.

அந்த முகாமிலிருந்து எங்க தெருவுக்குத் தையல் வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்கதான் எனக்கு ரொட்டி சொல்லிக் கொடுத்தவங்க. மன்னார்ப் பக்கம் பிறந்தவங்க. 1990இல் சின்னப் பிள்ளையா அப்பா அம்மாகூடப் படகில் வந்தாங்களாம். அவங்க அப்பா அங்கே பேக்கரியில் போறணை வேலை பார்த்தவர். போறணைக்குள்ளேயே விறகை அடுக்கி எரிச்சு, செங்கல் நல்லாச் சூடேறினதும் தணலையும் சாம்பலையும் வழிச்சு ஒதுக்கிட்டு, அந்தக் கல்லோட சூட்டிலேயே ரொட்டியை வேக வைக்கிறதுதான் அந்த முறை. அந்தச் சூடு ஒரு பாத்திரத்துக்குள்ள கிடைச்சாப் போதும், போறணை வேண்டியதில்லைன்னு அக்கா சொன்னாங்க. ரெண்டு பேரும் எங்க வீட்டுக் கொல்லைப்புறத்தில் செஞ்சோம். அன்னிக்கு வீட்டில் சூடை மீன் குழம்பு. அக்கா ஒரு துண்டைக் குழம்பில் தோய்ச்சு வாயில் வச்சுட்டு, ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இனி செய்முறைக்கு வர்றேன்.

முதலில் ஈஸ்ட். பத்தாவது அறிவியல் புத்தகத்தில் மொட்டு விடுதல்னு ஒரு படம் இருக்கும், ஒரு உருண்டையில் சின்ன உருண்டை முளைச்சு நிக்கும். அதுதான் ஈஸ்ட். அது உசுருள்ளது. மாவில் இருக்கிற சர்க்கரைச் சத்தைத் தின்னுட்டுக் காத்தை விடும். அந்தக் காத்து மாவுக்குள்ள மாட்டிக்கிட்டு மாவு உப்பும். இட்லி மாவு ராத்திரி பொங்குறதும் இதே வகைதான். அங்கே உளுந்திலும் அரிசியிலும் தானா வர்ற நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்யுது, இங்கே நாம கடையில் வாங்கிப் போடுறோம். இட்லி மாவு பொங்கிடுச்சா, புளிச்சிடுச்சான்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூடியைத் திறந்தா மூக்கே சொல்லும். ரொட்டிக்கும் அந்த அறிவுதான் வேணும்.

கடையில் இன்ஸ்டன்ட் டிரை ஈஸ்ட்னு கேட்டு வாங்குங்க. நம்ம கடல் காத்தில் பிரிச்ச பாக்கெட் சீக்கிரம் கெட்டுப்போகும். சின்ன டப்பாவில் இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைங்க. ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க சின்னப் பாக்கெட்டா வாங்குங்க. பழைய ஈஸ்ட்டுன்னா சோதிச்சுப் பார்க்கணும். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டு வச்சா, பத்து நிமிஷத்தில் மேலே நுரை கட்டணும். கட்டலைன்னா அது செத்த ஈஸ்ட். அதை நம்பி மாவைக் கொட்டாதீங்க.

ஒரு றாத்தல் ரொட்டிக்கு அளவு எழுதிக்கோங்க.

மைதா 300 கிராம். குடிதண்ணி 180லிருந்து 190 மில்லி. ஈஸ்ட் தலைதட்டி ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம். தூள் உப்பு 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைச்சல். சர்க்கரை மூணு டீஸ்பூன். எண்ணெய் ஒரு டேபிள் ஸ்பூன்.

மாவைக் கண்ணளவில் போடாம எடை போட்டே எடுங்க. நம்ம குழுவில் மசாலா பாக்கெட் போடுற சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருக்கு, அதுவே போதும். டம்ளரில் அள்ளினா அமுக்கி அள்ளுறவங்களுக்கு ஒரு அளவு, லேசா அள்ளுறவங்களுக்கு ஒரு அளவு வரும். தண்ணி விஷயத்தில் நம்ம தீவுக்காரங்க கவனிக்கணும். போர்த் தண்ணி உப்பா இருக்கிற வீட்டில் அதை ஊத்தாதீங்க. உப்பு கூடினா ஈஸ்ட் மெதுவாத்தான் வேலை செய்யும், ருசியும் மாறிப்போகும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குற தண்ணியில் ஒரு டம்ளர்தானே செலவு. சித்திரை, வைகாசி மாசத்தில் மண்பானைத் தண்ணி ஊத்துங்க, வெந்நீர் வேண்டாம். மார்கழியில் மட்டும் லேசா வெதுவெதுன்னு இருக்கலாம். விரல் வச்சா சுடக் கூடாது. 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும்.

மாவில் ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் கலந்து, உப்பை இன்னொரு ஓரத்தில் போட்டு, தண்ணியை ஊத்திப் பிசைங்க. ஒண்ணு சேர்ந்ததும் எண்ணெய். முதலில் கையில் பிசுபிசுன்னு ஒட்டும். ஒட்டுதேன்னு மேல மேல மாவைத் தூவினா ரொட்டி கல்லாகிடும். பொறுமையாப் பிசைஞ்சா அஞ்சாறு நிமிஷத்தில் தானா விடும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிசையணும். சப்பாத்திக்குப் பிசையிற மாதிரி அமுக்கினா மட்டும் போதாது, புரோட்டா மாஸ்டர் இழுக்கிற மாதிரி உள்ளங்கையால் தள்ளி இழுத்து, மடிச்சு, திருப்பி, மறுபடி தள்ளணும். கோதுமையில் குளூட்டன்னு ஒரு சத்து இருக்கு. இழுக்க இழுக்க அது வலை மாதிரி பின்னிக்கும். ஈஸ்ட் விடுற காத்தைப் பிடிச்சு வைக்கிறது அந்த வலைதான். நம்ம ஆளுங்க வலை பின்னுறதைப் பார்த்திருக்கோம், கண் விட்டுப்போச்சுன்னா மீன் நிக்காது. இங்கே காத்து நிக்காது.

பிசைஞ்சது போதுமான்னு தெரிஞ்சுக்க, நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து ரெண்டு கையாலும் மெதுவா விரிச்சுப் பாருங்க. வெளிச்சம் தெரியிற அளவுக்கு மெலிசா விரிஞ்சா சரி. உடனே கிழிஞ்சா இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் பிசையணும்.

இப்ப மாவை எண்ணெய் தடவின பாத்திரத்தில் போட்டு மூடி வைக்கணும். ஈரத் துணியை நல்லாப் பிழிஞ்சு மேலே போட்டு, அதுக்கு மேலே தட்டு. நம்ம ஊர்க் காத்து எப்படின்னு சொல்ல வேண்டியதில்லை. 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்தி வச்சாங்க. அந்தக் காத்துப் பட்டா மாவோட மேல்தோல் காஞ்சு ஏடு கட்டிடும், உப்ப முடியாது.

எவ்வளவு நேரம் வைக்கணும்னு எல்லாரும் கேக்குறீங்க. டிவியிலும் செல்போனிலும் ஒண்ணரை மணி நேரம்னு சொல்வாங்க. அது குளிர்ந்த ஊர்க் கணக்கு. மே மாசம் எங்க வீட்டில் ஓட்டுக்குக் கீழே நாப்பது, அம்பது நிமிஷத்தில் மாவு இரட்டிப்பாயிடும். மார்கழியில் ஒண்ணேகால் மணி நேரம்கூட ஆகும். அதனால கடிகாரத்தை வச்சுச் செய்யாதீங்க. மாவு இருந்த இடத்தில் பாத்திரத்துக்கு வெளியே சாக்பீஸால் கோடு போடுங்க. அது ரெண்டு மடங்கு உயரம் வந்ததா, அதைப் பாருங்க. முகாம் அக்கா, "பிள்ளை, மா உனக்காகக் காத்திருக்காது, நீதான் மாவுக்காகக் காத்திருக்க வேணும்"னு சொல்வாங்க. குளிக்கப் போயிட்டு, கோலம் போட்டுட்டு, பக்கத்து வீட்டில் பேசிட்டு வந்தா மே மாசத்தில் மாவு தாண்டிப்போயிருக்கும். அப்புறம் சுட்டா புளிப்பு வாடை வரும், நடுவில் அமுங்கும்.

இரட்டிப்பானதும் கையால் லேசா அமுக்கிக் காத்தை வெளியேத்துங்க. பலகையில் போட்டுச் சதுரமாத் தட்டி, பாய் சுருட்டுற மாதிரி இறுக்கமாச் சுருட்டுங்க. சேர்ந்த ஓரம் அடியில் இருக்கட்டும். எண்ணெய் தடவின டின்னில் வைங்க. ரொட்டி டின்தான் வேணும்னு இல்லை. கேக் டின், உயரமான எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எதுவும் ஆகும். மாவு பாதி அளவுக்கு வர்ற மாதிரிப் பாத்திரத்தைப் பார்த்து எடுங்க. மறுபடி ஈரத் துணி போட்டு முப்பது, நாப்பது நிமிஷம். வெயில் காலத்தில் இருபத்தஞ்சு நிமிஷத்திலேயே பார்க்கணும். விரலால் ஓரத்தில் லேசா அமுக்குங்க. பள்ளம் உடனே குதிச்சு மேலே வந்தா இன்னும் நேரம் இருக்கு. மெதுவா வந்து கொஞ்சம் பள்ளம் மிச்சமிருந்தா, இப்ப அடுப்பில் வைக்கணும். பள்ளம் அப்படியே நின்னா தாண்டிடுச்சு. அப்ப மாவை எடுத்து மறுபடி சுருட்டி வச்சு, கொஞ்ச நேரத்தில் சுட்டுடுங்க.

இனி அடுப்பு. கனமான பழைய அலுமினிய அண்டாவோ இரும்புச் சட்டியோ எடுங்க. கழுவிக் காயவச்ச மணலை அடியில் ரெண்டு விரல் உயரம் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைங்க. இட்லிச் சட்டிக்குள்ள வைக்கிற கால் வச்ச தட்டு போதும். மூடி போட்டு நடுத்தர தீயில் பதினஞ்சு நிமிஷம் காய விடுங்க. இந்த நேரத்தை டின்னில் மாவு உப்புற நேரத்திலேயே கணக்குப் பண்ணிக்கணும். நல்லாக் காஞ்சதும் டின்னை உள்ளே வச்சு, மூடி போட்டு, மேலே அம்மிக் குழவியோ கல்லோ வச்சுடுங்க. மூடி பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத மூடியா இருக்கணும். தீயைக் குறைச்சு நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிஷம். முதல் இருபத்தஞ்சு நிமிஷம் என்ன ஆனாலும் திறக்காதீங்க. சூடு போச்சுன்னா உப்பினது உட்காரும்.

அடியில் மட்டும் சூடு இருந்தா ரொட்டியோட மேல்பக்கம் வெளுத்துப்போய் இருக்கும். பிரியாணிக்குத் தம் போடுறப்ப மூடி மேலே தணல் அள்ளிப் போடுறாங்கல்ல, அதே மாதிரி கடைசி இருபது நிமிஷத்துக்குச் சிரட்டைத் தணலை மூடி மேலே போடுங்க. தேங்காய்ச் சிரட்டைக்கு நம்ம தீவில் பஞ்சமில்லை. தணல் போட்டுச் செய்றதைக் கொல்லைப்புறத்திலோ வாசலிலோ செய்யுங்க. பூட்டின அறையில் தணலை வைக்கிறது உசுருக்கே ஆபத்து. அதோட விஷப் புகைக்கு வாடை கிடையாது. வெறும் கேஸ் அடுப்பில் செய்றவங்க, வெந்த ரொட்டியை எடுத்துத் தோசைக் கல்லில் தலைகீழா ரெண்டு நிமிஷம் வச்சா மேல்பக்கமும் சிவந்திடும். சில பேர் பிரஷர் குக்கரில் செய்றாங்க. தண்ணி இல்லாமக் காயப் போட்டா குக்கர் கெட்டுப்போகும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுக்க மறந்தா விபத்து வரும். புதுக் குக்கரை இதுக்கு எடுக்காதீங்க, அண்டாவே நல்லது.

வெந்ததான்னு பார்க்க டின்னிலிருந்து கவுத்து அடிப்பக்கத்தை விரலால் தட்டுங்க. வெறும் பானையைத் தட்டின மாதிரி சத்தம் கேட்டா வெந்துடுச்சு. சத்தம் பொத்துன்னு இருந்தா இன்னும் அஞ்சாறு நிமிஷம் வைக்கணும். எடுத்த உடனே டின்னிலேயே வச்சிருந்தா வேர்த்துப்போகும். கம்பித் தட்டில் வச்சு ஒரு மணி நேரம் ஆற விடுங்க. பிள்ளைங்க சுத்திச் சுத்தி வரும், வாடை அப்படி. ஆனா சூட்டில் அறுத்தா உள்ளே களி மாதிரி ஒட்டும். ஆறினதுக்கு அப்புறம்தான் அது ரொட்டி.

இதில் எந்தப் பதப்படுத்துற மருந்தும் போடலை. நம்ம ஈரக் காத்தில் ரெண்டு நாள் இருக்கும். மூணாவது நாள் பூஞ்சை வந்துடும், அதுக்குள்ள தின்னுடணும். ஃப்ரிட்ஜில் வச்சா பூஞ்சை வர நாளாகும், ஆனா சீக்கிரம் காஞ்சு வரட்டியாகும். 2016ஆம் வருஷம் ரொட்டி மாவில் சேர்க்கிற பொட்டாசியம் புரோமேட்டை மத்திய அரசு தடை பண்ணினது. அதுவரைக்கும் அது அனுமதியோட போட்டதுதான். வீட்டில் செய்தா என்ன போட்டோம்னு நமக்குத் தெரியும்.

சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு மைதா ரொட்டி நல்லதில்லை, வீட்டில் செய்ததுன்னாலும் அதேதான். பாதி மைதா, பாதி கோதுமை மாவு போடலாம். அப்பத் தண்ணி இருபது முப்பது மில்லி கூட வேணும், உப்புறதும் கொஞ்சம் குறையும். கேழ்வரகு மாவு போடணும்னு ஆசைப்பட்டா 300 கிராமில் 50 கிராமுக்கு மேல வேண்டாம். கேழ்வரகில் அந்தக் குளூட்டன் வலை கிடையாது.

கோதுமைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2022 மார்ச் மாசம் அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகுட்டியோட தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினாங்களே, அது நம்ம எல்லாருக்கும் தெரியும். போருக்குப் பயந்து வந்தவங்க இல்லை அவங்க. சாப்பிட முடியாம வந்தவங்க. இலங்கையில் கோதுமை விளையாது, எல்லாம் கப்பலில் வரணும். வாங்கக் கையில் டாலர் இல்லாமப் போனதும் பாண் விலை ஏழைங்க தொட முடியாத இடத்துக்குப் போயிருச்சு. முகாம் அக்கா அப்ப சொன்னாங்க, "பாணை மட்டும் நம்பியிருக்கக் கூடாது பிள்ளை, சோறும் வேணும்"னு. நமக்கும் கோதுமை வடக்கேயிருந்துதான் வருது. ரொட்டி செய்யக் கத்துக்கிறதுன்னா சோத்தையும் கூழையும் விடுறதுன்னு அர்த்தமில்லை. இன்னொரு சாப்பாடு கைக்கு வருது, அவ்வளவுதான்.

இப்ப கணக்குக்கு வர்றேன். இதைத்தான் நீங்க எல்லாரும் கேட்கணும்.

என் நோட்டில் எழுதி வச்சிருக்கேன். ஒரு றாத்தல் ரொட்டிக்கு மைதா 15 ரூபாய், ஈஸ்ட் 4 ரூபாய், எண்ணெய் 3 ரூபாய், சர்க்கரையும் உப்பும் ஒரு ரூபாய், கேஸ் 7 ரூபாய். மொத்தம் 30 ரூபாய். இதில் என் கூலி இல்லை. 45 ரூபாய்க்குக் கொடுத்தா 15 ரூபாய் நிக்கும். அண்டாவில் ஒரு தடவைக்கு ஒரு ரொட்டிதான். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நாலு சுட்டா 60 ரூபாய். இது கூலிக்குக் காணாது. அதனால அண்டாவில் ரொட்டி சுட்டு விக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். அண்டா ரொட்டி வீட்டுக்கு, பிள்ளைங்களுக்கு, கத்துக்கிறதுக்கு.

அப்ப ஓவன் வாங்கிடலாமேன்னு கேட்பீங்க. அதையும் கணக்குப் போட்டுப் பாருங்க. மாசத் தவணை 3,000 ரூபாய் வருதுன்னு வச்சுக்கோங்க. ஒரு ரொட்டிக்கு 15 ரூபாய் நின்னா, தவணைக்கு மட்டும் மாசம் 200 ரொட்டி விக்கணும். ஒரு நாளைக்கு ஆறேழு ரொட்டி, ஞாயித்துக்கிழமை, மழை, கரன்ட் இல்லாத நாள் எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல வித்தாத்தான் கரன்ட் பில்லும் நம்ம கூலியும். முடியாதுன்னு சொல்லலை. வாங்குறதுக்கு ஆள் யார்னு தெரியாம வாங்கக் கூடாதுன்னு சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு குழுவில் மிஷின் வந்தது, பூஜை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. இப்ப அது தார்ப்பாய் மூடிக் கிடக்கு. தவணை மட்டும் நிக்காம ஓடுது. அந்தக் குழுவில் சேமிப்பு எடுத்துக் கட்டினவங்க எல்லாம் நம்மள மாதிரிப் பொம்பளைங்கதான்.

நம்ம ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எங்க வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போறவர். அந்த ரெண்டு மாசம் வீட்டுக்குள்ள பணம் வராது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டு, சீருடை, வேன் கட்டணம்னு வரிசையா நிக்கும். தடைக்காலத்தில் நம்ம தெருவில் யாரும் 45 ரூபாய் கொடுத்து ரொட்டி வாங்க மாட்டாங்க. அவங்க கையிலும் காசு இருக்காது. ஆனா தவணை அந்த ரெண்டு மாசமும் வரும். அதனால நம்ம கடன் நம்ம கடலுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்.

கூட்டமைப்பு முன்னாடி நான் மூணு விஷயம் வைக்கிறேன். தீர்மானமாப் போடலாமான்னு நீங்க பேசி முடிவு பண்ணுங்க.

முதலாவது, இந்தத் தடைக்காலத்தை நாம படிக்கிற காலமா வச்சுக்குவோம். ஆசை உள்ளவங்க பத்துப் பேர், ஆளுக்குப் பத்துத் தடவை வீட்டில் ரொட்டி சுடட்டும். தேதி, மாவு, தண்ணி, எத்தனை நிமிஷத்தில் உப்பினது, எப்படி வந்தது எல்லாம் நோட்டில் எழுதட்டும். நூறு ரொட்டி சுட்ட நோட்டு கையில் இருந்தா நம்ம ஊர் வெயிலுக்கும் காத்துக்கும் என்ன செய்யணும்னு நமக்கே ஒரு பாடப் புத்தகம் கிடைச்சிடும். யாரோட பயிற்சிக்கும் காத்திருக்க வேண்டாம்.

ரெண்டாவது, ஜூன் முடிஞ்சதும் ரெண்டு மாசம் ஆர்டர் எடுத்துப் பார்ப்போம். வெறும் ரொட்டியில் பேக்கரிக்காரரோட போட்டி போட முடியாது. அவர் ஒரு தடவைக்கு ஒரு தட்டு நிறைய எடுப்பார். நம்மகிட்ட இருக்கிறது அன்னிக்குச் சுட்டது, மருந்து போடாதது, பாதி கோதுமை போட்டது. ராமேஸ்வரத்துக்கு வர்ற வெளியூர்க்காரங்க தங்குற விடுதிங்க இருக்கு, டீக்கடைங்க இருக்கு, அங்கே கேட்டுப் பார்க்கலாம். அண்டாவில் செய்ய முடிஞ்ச அளவுக்கு மட்டும் ஆர்டர் எடுத்து, எத்தனை பேர் மறுபடி கேட்டாங்கன்னு எழுதணும். விக்கிறதுன்னு வந்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கணும், பாக்கெட்டில் தேதியும் எடையும் போடணும். அதுவும் நமக்குப் புதுசில்லை, மசாலாவுக்குச் செஞ்சிருக்கோம். சரியா வந்தா மதி அங்காடிக்கும் கேட்கலாம்.

மூணாவது, ஆர்டர் நோட்டைப் பார்த்து, தவணைக்கும் கூலிக்கும் தாங்கும்னு தெரிஞ்ச பிறகே ஓவன் கடன். கடன் கேட்கிறப்பவே, ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் தவணை இல்லாத மாதிரி, இல்லைன்னா வட்டி மட்டும் கட்டுற மாதிரிக் கேட்போம். கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்க முடிவு. கேட்க வேண்டியது நம்ம கடமை. நம்ம தொழில் எதுன்னு அவங்களுக்கு நாமதான் சொல்லணும்.

சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற அக்காமார் இங்கே உட்கார்ந்திருக்காங்க. பாசி வளரணும்னு நாள் கணக்கு வச்சு, அந்த நாளில் கடலில் இறங்காம இருக்கிறவங்க அவங்க. வயிறு காஞ்சாலும் அந்தக் கட்டுப்பாட்டை விடலை. அவங்களுக்கு நான் பொறுமையைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஓவன் ஆறு மாசம் கழிச்சு வந்தாலும் கெட்டுப்போகாது. குழுவோட சேமிப்பு போச்சுன்னா திரும்பச் சேர்க்கப் பல வருஷம் ஆகும்.

கடைசியா ஒண்ணு. எங்க வீட்டில் இப்ப வாரத்தில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் மீன் குழம்பும். மீன் இல்லாத நாளில் தேங்காய்ச் சம்பல், நம்ம ஊர் முண்டு மிளகாயை வறுத்துத் தேங்காய்ப்பூவோட இடிச்சா அதுவே போதும். ஒரு றாத்தல் நாலு பேருக்குச் சரியா இருக்கும். துண்டு போட்டுத் தட்டில் வைக்கிறதால எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறோம், நானும் கூடத்தான். சோறு ஆக்குற நாளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் என்ன மிச்சமோ அதைச் சாப்பிடுறதுதான் நம்ம பழக்கம். ரொட்டியில் என் பங்கு எத்தனை துண்டுன்னு எண்ணி வச்சிடலாம். இதை என் மகதான் ஒரு நாள் சொன்னா, "அம்மா, இன்னிக்கு உனக்கும் மூணு துண்டு இருக்கு"ன்னு.

வர்ற சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கூட்டமைப்புக் கட்டடத்தில் அண்டா வச்சுச் செஞ்சு காட்டுறேன். முகாம் அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ரெண்டு பேர் வாங்க. வர்றப்ப 300 கிராம் மைதாவும் ஒரு நோட்டும் கொண்டு வாங்க. ஈஸ்ட் நான் வாங்கி வைக்கிறேன், ஆளுக்கு நாலு ரூபாய் கொடுத்தாப் போதும்.